பெட்டிக்குள் புகுந்த வாத்தியக் கோஷ்டி

புது டெல்லியின் தென்மேற்குப் பாகத்தில் உள்ள சாணக்யபுரி, சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில், அயல்நாட்டுத் தூதரகங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் அமைய வேண்டும் என்னும் உத்தேசத்தோடு உண்டாக்கப்பட்ட பகுதி. அகன்ற சாந்திபத்தின் இருமருங்கிலும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய தேசங்களின் கொடிகள் பறக்கின்றன. சற்றுத் தள்ளிச் சந்திரகுப்த மார்க்கத்தில் ஆஸ்திரியாவின் தூதரகம் இருக்கிறது. நியாய மார்க்கத்தில், எட்டாம் எண் மனையில், தலைநகரத்துப் பிள்ளைகளுக்குப் பியானோவும் வயலினும் கற்பித்துவரும் டெல்லி ஸ்கூல் ஆப் மியூசிக் இருக்கிறது. கொடிகளின் வரிசைக்கும் இந்தச் சங்கீதப் பள்ளிக்கும் அண்டை வீட்டு உறவைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை என்று தோன்றலாம். ஆயினும், இங்கே வயலின் பயிலும் மாணவன் ஒருவன் தான் இயற்றிய மெட்டை முழு வாத்தியக் கோஷ்டியின் நாதத்தில் கேட்க ஆசைப்பட்டால், எண்பது வித்வான்களைத் திரட்ட வழியில்லாத அவன் தன் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து எந்த மென்பொருளைத் திறப்பானோ, அந்த மென்பொருளின் சரித்திரம் பெரும்பாலும் மேற்சொன்ன கொடிகளுக்குரிய நாடுகளில்தான் நடந்தேறியிருக்கிறது.

சாம்பிள் லைப்ரரி என்று அதற்குப் பெயர். கைதேர்ந்த வாத்தியக்காரர்களை ஒரு கூடத்தில் அமர்த்தி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாகவும் ஓங்கியும், நீட்டியும் வெட்டியும், வில்லால் இழுத்தும் விரலால் மீட்டியும் வாசிக்கச் செய்து, அப்படிப் பதிவான லட்சக்கணக்கான ஒலித்துண்டுகளை வகைப்படுத்தி வைத்து, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய துண்டு ஒலிக்கும்படி இணைத்துவிடுவதே அதன் அமைப்பு. வாங்குகிறவர் அதனிடம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறார்: ஒன்று, கற்றுக்கொள்ளச் சிரமமில்லாத சௌகரியம், மற்றொன்று, கேட்பவர் யந்திரம் என்று கண்டுபிடிக்க முடியாத தத்ரூபம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று எளிதில் இணங்குவதில்லை. இந்தப் பிணக்கு கம்ப்யூட்டரோடு பிறந்ததும் அன்று. நம் நாட்டிலே, அதுவும் டெல்லியிலே, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, சர்க்கார் உத்தரவு போடும் அளவுக்கு இது முற்றிப்போனது உண்டு.

அதைச் சொல்வதற்கு முன், மேனாட்டிலிருந்து நம் சங்கீதத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு வாத்தியங்களைக் குறிப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரரான பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னைக்கு அருகே மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு இசைவித்தார். வயலின் கற்பதற்கு மிகக் கடினமான கருவி. விரல் எங்கே விழ வேண்டும் என்பதற்குக் கழுத்தில் அடையாளம் ஒன்றும் கிடையாது. நல்ல நாதம் வருவதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் அதே காரணத்தினாலேயே, குரல் போகும் இடமெல்லாம் அது தொடர்ந்து போகவும், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லவும், ஜாருவும் கம்பிதமும் பேசவும் வல்லதாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஹார்மோனியமோ இதற்கு நேர்மாறானது. 1842-இல் பாரிஸ் நகரத்து அலெக்ஸாந்தர் தெபாங் என்பவர் உரிமம் பெற்ற அந்தக் கால்மிதி வாத்தியத்தை, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கத்தக்க பெட்டியாக மாற்றி அமைத்தார். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும். சுருதி சேர்க்க வேண்டியதில்லை. ஒரு மாதம் பழகினவரும் ஒரு பஜனைக்கு வாசித்துவிடலாம். தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைகளில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைவரை எட்டும் கம்பீரத்தோடு ஒலித்து, அது நடிகர்களுக்கு நிகரான கீர்த்தியைத் தன்னை வாசித்தவர்களுக்குத் தேடித் தந்தது. கிட்டப்பாவின் கச்சிதமான பாட்டை நினைக்கும் பழைய ரஸிகர்கள் காதர் பாட்சாவின் ஹார்மோனியத்தையும் சேர்த்தே நினைத்தார்கள்.

சிரமமான வாத்தியம் ஒன்று, சுலபமான வாத்தியம் ஒன்று என இரண்டையும் தேசம் ஏற்றுக்கொண்ட நிலையில்தான் ரேடியோ வந்தது. டெல்லி நிலையம் 1936 ஜனவரி முதல் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஸ்தாபனத்துக்கு ஆல் இந்தியா ரேடியோ என்ற நாமகரணமும் ஆயிற்று. அதன் தலைவராக லண்டன் பி.பி.சி.யிலிருந்து லயனல் பீல்டன் வந்திருந்தார். மேனாட்டு சங்கீதப் பகுதியை நிர்வகிக்க அமர்த்தப்பட்டவர் ஜான் போல்ட்ஸ் என்னும் ஆங்கில இசையமைப்பாளர். முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களுக்காக அவர் இயற்றிய பேரிசைப் படைப்பு 1920-களில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆண்டுதோறும் நினைவு நாளில் நிகழ்த்தப்பட்டு, பிறகு மறக்கப்பட்டுவிட்டது. அவருடைய மனைவி மாட் மக்கார்த்தி வயலின் வித்வாம்ஸினி. இந்திய சங்கீதத்தை இங்கேயே வந்து கற்றவர். 1935-இல் இந்தியாவுக்கு வந்த போல்ட்ஸ், டெல்லியில் நம் நாட்டு வாத்தியக்காரர்களைக் கொண்டே ஒரு கோஷ்டியை அமைத்து, ஸ்வரக் குறிப்பைப் பார்த்து ஒருங்கே வாசிக்கப் பழக்கினார். 1939 ஏப்ரலில் கல்கத்தாவுக்கு மாறிப் போன சில நாட்களிலேயே காலராவினால் அவர் மாண்டது நமக்கு ஏற்பட்ட நஷ்டம் என்றே நான் கருதுகிறேன். அவர் பத்தாண்டு இங்கே இருந்திருந்தால் இந்திய வாத்திய கோஷ்டியின் சரித்திரம் வேறு விதமாகப் போயிருக்கக்கூடும்.

அந்த போல்ட்ஸ்தான் 1938-இல் ரேடியோவின் ஆங்கிலப் பத்திரிகையாகிய இந்தியன் லிஸனரில் ஹார்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டியை ஐரோப்பியரே வெளியேற்றச் சொன்னது வேடிக்கை என்றாலும், காரணங்கள் வலுவுள்ளவை. அதில் ஒரு ஸ்தாயிக்குரிய பன்னிரண்டு கட்டைகளும் சம இடைவெளியில் அமைந்தவை; ஆகையால் நம் ராகங்களுக்குரிய நுட்பமான சுருதிகள் அதில் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் இடையே ஒன்றும் இல்லை என்பது. கமகத்தையே உயிராகக் கொண்ட சங்கீதத்தில், ஸ்வரங்களை உதிரிப் பூக்களாகக் கொட்டிவிட்டுப் போகும் கருவி பாடகருடைய காதையே காலக்கிரமத்தில் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். ஆனந்த குமாரசுவாமி இதே கருத்தை முன்னமே எழுதியிருந்தார். ரவீந்திரநாத தாகூருக்கும் ஹார்மோனியத்தின்மீது தீராத வெறுப்பு இருந்தது. 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து ஆல் இந்தியா ரேடியோவின் எந்த நிலையத்திலும் ஹார்மோனியம் ஒலிக்கக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. யோசனை சொன்னவர் அப்போது உயிரோடு இல்லை. உத்தரவிட்ட பீல்டனும் அவ்வாண்டே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். ஆட்சி மாறியது, கொடி மாறியது. தடை மட்டும் மாறாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1971-இல் அது தளர்ந்ததும் ஓரளவுக்கே.

தடை தவறு என்பதே என் அபிப்பிராயம். ஜனங்கள் விரும்பி வைத்துக்கொண்ட கருவியைச் சுற்றறிக்கையால் ஒழிக்க நினைப்பது ராஜாங்கத்துக்குரிய காரியம் அல்ல. ரேடியோவுக்கு வெளியே பஜனை மடங்களிலும் குருத்துவாராக்களிலும் கவாலி மேடைகளிலும் அது முன்னிலும் உரக்க ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனால் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் தவறு அன்று. சங்கீதத்தின் உண்மை ஸ்வரத்தில் பாதியும், ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள வழியில் பாதியுமாக இருக்கிறது. சுலபமான கருவி முதலில் விட்டுக்கொடுப்பது அந்த நடுவழியைத்தான். இதை டெல்லியில் வாதித்த காலத்தில், இருபத்தோராம் நூற்றாண்டில் வியன்னாவில் கம்ப்யூட்டர் நிபுணர்கள் இதே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒருவரும் நினைத்திருக்க முடியாது.

தடை அமலில் இருந்த காலத்திலேயே, 1952-இல், டெல்லி ரேடியோவில் தேசிய வாத்திய கோஷ்டியாகிய வாத்திய விருந்தம் தோன்றியது. பண்டித ரவிசங்கர் ஹிந்துஸ்தானிப் பகுதிக்கும், நம்மவரான வயலின் வித்வான் டி. கே. ஜயராம ஐயர் கர்நாடகப் பகுதிக்கும் தலைமை தாங்கினார்கள். பிற்காலத்தில் வைணிகர் ஈமனி சங்கர சாஸ்திரி அங்கே வந்து பல படைப்புகளை அமைத்தார். வீணையும் சிதாரும் சரோடும் வயலினும் குழலும் ஒரே மேடையில் அமர்ந்தன. ஜயராம ஐயர் எதிர்கொண்ட பிரச்னை மிக நூதனமானது. ஒரு வித்வான் தனியே வாசிக்கும்போது தோடியின் காந்தாரத்தை அவர் தம் பாடாந்தரப்படி அசைக்கலாம். இருபது பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த அசைவு இருபது விதமாக இருந்தால் கேட்பவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஒன்று, எல்லோரும் ஒரே அசைவைப் பலநாள் உழைத்துக் கைவசப்படுத்த வேண்டும். அல்லது, அசைவைக் குறைத்துக்கொண்டு ஸ்வரத்தை நேராக நிறுத்த வேண்டும். கோஷ்டி கானத்தில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். வாத்திய விருந்தத்தின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கையில், சில இடங்களில் வித்வான்கள் கமகத்தைக் காப்பாற்றச் செய்த பிரயத்தனமும், சில இடங்களில் அதைக் கைவிட்டதும் தெளிவாகக் காதில் விழுகின்றன. உயிருள்ள மனிதர்களுக்கே இத்தனை கஷ்டம் என்றால், யந்திரத்தின் பாடு என்ன?

யந்திரத்தின் கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. 1940-களின் கடைசியில் ஹாரி சேம்பர்லின் என்பவர், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த ஒலிநாடாவை வைத்து, கட்டையை அழுத்தினால் நாடா ஓடி வாத்தியத்தின் நிஜமான ஒலியையே எழுப்பும்படி ஒரு கருவி செய்தார். அவருடைய விற்பனையாளர் ஒருவர் அக்கருவியை அவருக்குத் தெரியாமல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று பர்மிங்ஹாம் பட்டறையில் காட்ட, 1963-இல் மெல்லட்ரான் பிறந்தது. அதிலே 35 கட்டைகள் கொண்ட வரிசைகள் இரண்டு. ஒரு கட்டையை எட்டு விநாடிக்கு மேல் பிடித்திருந்தால் நாடா தீர்ந்து ஒலி நின்றுபோகும். பீட்டில்ஸ் கோஷ்டியின் ஸ்ட்ராபெர்ரி பீல்ட்ஸ் பாட்டின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல், குழல் அன்று, மெல்லட்ரான். அது குழலைப் போலவும் இருந்தது, கனவில் கேட்ட குழலைப் போலவும் இருந்தது; அதனாலேயே அது பிடித்துப்போயிற்று. பிழைப்புக்கு ஆபத்து வந்துவிட்டதென்று பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் கலங்கியது. 1982-இல் அதன் லண்டன் கிளை ஒன்று சிந்தஸைசர்களைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டது. தடை போட்டு இசையைக் காக்கலாம் என்னும் நம்பிக்கை டெல்லிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

நாடாவுக்குப் பின் எண்கள் வந்தன. 1979-இல் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் செய்த பேர்லைட், ஒலியை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டரில் சேமித்தது. அதிலிருந்த ஒலித்துண்டுகளில் மிகப் பிரசித்தி பெற்றது, ஸ்ட்ராவின்ஸ்கியின் பயர்பேர்டு இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒரே ஒரு இடிமுழக்கம். முழு வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து அறையும் அந்த ஓரொலியை 1980-களின் பாப் பாட்டுகளில் எத்தனை முறை அடித்தார்களோ கணக்கில்லை. கோஷ்டியின் ஒரு விநாடியைத்தான் அன்று பெட்டிக்குள் அடைக்க முடிந்தது. 1981-இல் அமெரிக்காவில் இமு நிறுவனத்தின் எமுலேட்டரும், 1988-இல் ஜப்பானிலிருந்து அகாய் எஸ்1000-உம் வந்தபோது நிலைமை சீர்ப்பட்டது என்றாலும், அகாயின் அடிப்படை நினைவகம் இரண்டு எம்பி மட்டுமே. காம்பாக்ட் டிஸ்க்கின் தரத்தில் ஸ்டீரியோ ஒலி ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பி கேட்கும் ஆதலால், அதில் அடங்கியது சுமார் பன்னிரண்டு விநாடி. பன்னிரண்டு விநாடிக்குள் வயலின் குடும்பத்தையும் குழல் குடும்பத்தையும் குடியேற்றுவது என்பது ஒண்டுக் குடித்தனத்தைப் போன்ற காரியம். ஒரு ஸ்வரத்தைப் பதிந்து அதையே மேலும் கீழும் இழுத்து நாலைந்து கட்டைகளுக்குப் பங்கிட்டார்கள். நீண்ட ஒலி வேண்டுமானால் ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். பியானோ இந்தச் சிக்கனத்தை ஓரளவு தாங்கிக்கொண்டது. ஏனெனில் அதில் சுத்தி கம்பியை அடித்த கணத்தோடு வாசிப்பவருடைய அதிகாரம் அநேகமாக முடிந்துவிடுகிறது. வயலினுக்கோ அடித்த பிறகுதான் கதையே ஆரம்பம்; வில் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் நாதம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கிறது.

1998-இல் அமெரிக்காவில் வெளிவந்த கிகாசாம்பிளர் என்னும் மென்பொருள் இந்த இடநெருக்கடியைச் சாமர்த்தியமாக நீக்கியது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் அந்தத் தொடக்கம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது அதன் உபாயம். விநாடிக் கணக்கு மணிக்கணக்காயிற்று. இனி எதையும் இழுத்துப் பங்கிட வேண்டியதில்லை. எல்லா ஸ்வரத்தையும் எல்லா விதத்திலும் பதிவு செய்யலாம். செய்து பார்த்தார்கள், அப்போதும் கேட்பவர் ஏமாறவில்லை. தனித்தனி ஸ்வரம் ஒவ்வொன்றும் அப்பழுக்கற்ற வயலின். சேர்த்து வாசித்தால் ஹார்மோனியம்!

இந்த மர்மத்தை அவிழ்த்தவர்கள் வியன்னாக்காரர்கள். செல்லோ வாசிப்பில் தேர்ந்து சினிமாத் துறையிலும் உழைத்திருந்த ஹெர்ப் டுக்மாண்டல், 2000-இல் வியன்னா சிம்போனிக் லைப்ரரியைத் தொடங்கி, நகரத்துக்குத் தெற்கே எப்ரைக்ஸ்டார்ப் என்ற இடத்தில் எதிரொலி இல்லாத ஒரு கூடத்தை இதற்கென்றே கட்டினார். அங்கே வித்வான்கள் மெட்டுகளை வாசிக்கவில்லை. ஸ்வரங்களையும், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் போக்கையும் வருஷக்கணக்கில் வாசித்தார்கள். ஸட்ஜத்திலிருந்து ரிஷபம், ஸட்ஜத்திலிருந்து காந்தாரம், பிறகு இறக்கத்தில் அதே வழி என்று ஒவ்வொரு தாவலையும் நிஜமாகவே வாசித்துப் பதிந்து, இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவில் உள்ள அந்த அரைக்கால் விநாடியை மட்டும் வெட்டி எடுத்துத் தனியே சேமித்தார்கள். வாங்குபவர் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து அழுத்தினால், மென்பொருள் எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டைக்கு வந்தோம் என்று பார்த்து, உரிய இணைப்பைத் தேடி நடுவிலே பொருத்திவிடும். லெகாட்டோ என்று மேனாட்டார் சொல்லும் கோவை இவ்வாறு கைகூடிற்று. வயலினுக்கு மூன்றரை ஸ்தாயி, அதாவது சுமார் 42 ஸ்வரம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஏற்றத்தில் பன்னிரண்டும் இறக்கத்தில் பன்னிரண்டுமாகக் கணக்குப் போட்டால் இணைப்புகள் ஏறத்தாழ ஆயிரம். மெல்லொலி, நடுவொலி, பேரொலி என மூன்று தரம் வைத்தால் மூவாயிரம். இவை ஒரே ஒரு வாத்தியத்தின் ஒரே ஒரு வாசிப்பு முறைக்கு. அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

பிழைகளுக்கும் அவர்கள் இடம் கொடுத்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யமானது. ஒரே ஸ்வரத்தை விரைவாக நாலு முறை அழுத்தினால் ஒரே துண்டு நாலு முறை ஒலித்து இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல் கேட்கும். மனிதன் ஒரே வில்லை இரண்டு முறை ஒரே மாதிரி இழுப்பதில்லை. ஆகவே ஒரே ஸ்வரத்தைப் பலமுறை பதிந்து, முறைவைத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். கூடத்தைப் பற்றியும் தர்க்கம் எழுந்தது. எதிரொலியற்ற இடத்தில் பதிவதே நல்லது, வேண்டிய கூடத்தைப் பிறகு கணிதத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று வியன்னாவில் நினைத்தார்கள். அமெரிக்காவில் ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தார், கச்சேரி மண்டபத்தின் காற்றையும் சேர்த்தே பதிந்து 2003-இல் வெளியிட்டார்கள். வியன்னாக்காரர்களே பிற்பாடு, பழைய சினிமா ஒலிப்பதிவுக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து, மண்டபத்தின் முழக்கத்தோடு பதியத் தலைப்பட்டதைப் பார்க்கும்போது, தர்க்கத்தில் ஜயம் யாருக்கு என்று ஊகிக்கலாம்.

தத்ரூபம் இவ்வாறு வளர வளரச் சௌகரியம் தேய்ந்தது. ஒரு வயலினுக்கே இருபது முப்பது வாசிப்பு முறைகள். நீளவில், குறுவில், நடுக்கம், மீட்டு என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, கீபோர்டின் அடிக்கோடியில் உள்ள ஒலியில்லாத கட்டைகளை இடக்கையால் அழுத்த வேண்டும். நாதத்தின் ஏற்றவிறக்கத்துக்கு மாட் வீல் என்னும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். லெகாட்டோ இணைப்பு ஒலிக்கச் சற்று நேரம் பிடிப்பதால் தாளத்துக்குச் சிறிது முன்பாகவே அழுத்தப் பழக வேண்டும். பெட்டியிலுள்ள வயலினைக் கற்பது மரத்தால் ஆன வயலினைக் கற்பதில் பாதியளவு கஷ்டமாவது ஆகிவிட்டது. பெரிய சினிமா இசைக்கூடங்களில் நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பிணைத்து ஒரு கோஷ்டியை ஓட்டினார்கள். இதைக் கண்டு 2004-இல் கேரி கேரிட்டன் என்பவர், குறைந்த விலையில், சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் சிறிய கோஷ்டியை வெளியிட்டார். லண்டன் ஸ்பிட்பயர் நிறுவனத்தார் பி.பி.சி. சிம்பொனி கோஷ்டியை மைடா வேல் கூடத்தில் பதிந்து 2019-இல் வெளியிட்ட லைப்ரரியின் முழு வடிவம் ஹார்டு டிஸ்க்கில் சுமார் 600 ஜிபி இடத்தைப் பிடிக்கும். அடுத்த ஆண்டிலேயே அதன் சிறு வடிவத்தை, ஏறத்தாழ 200 எம்பி அளவில், விரும்பினவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். மூவாயிரத்தில் ஒரு பங்கு! எது போயிற்று என்று பார்த்தால், முதலில் போனது அந்த நடுவழி இணைப்புகள்தாம். ஆயினும் சாணக்யபுரி மாணவனுக்கு அது போதும். தான் எழுதிய குழல் வரி வயலின்களுக்கு மேலே கேட்கிறதா, அமுங்கிப் போகிறதா என்று தெரிந்துகொள்ளவே அவன் அதைத் திறக்கிறான்.

நம் ஊர்ச் சினிமா உலகத்தில் இந்தப் பெட்டி செய்த மாற்றம் சாமானியமன்று. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில், ஸ்வரக் குறிப்புத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கவல்ல வயலின் வரிசைகள் காலையிலிருந்து இரவு வரை கால்ஷீட்டில் அமர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. எம். பி. சீனிவாசன் போன்றவர்கள் முயன்று அவர்களுக்குச் சங்கம் அமைத்துக் கொடுத்தார்கள். 1986-இல் புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். 1992-இல் ரோஜா வந்தது. வீட்டுக்குப் பின்னால் அமைத்த கூடத்தில் ஏ. ஆர். ரஹ்மான் சாம்பிளர்களைக் கொண்டு அடுக்கிய நாதம் தமிழ்நாட்டின் காதையே மாற்றிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் வயலின் வரிசைகள் மெலிந்தன. ஆனால் அதே இளையராஜா திருவாசகத்துக்கு 2005-இல் புடாபெஸ்ட் கோஷ்டியை நாடினார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கோஷ்டியைக் கொண்டு வேலியன்ட் சிம்பொனியை அரங்கேற்றினார். ரஹ்மானும் 2008-இல் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியை நிறுவி, எளிய குடும்பத்துச் சிறுவர்களைக் கொண்டு சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் கோஷ்டியை வளர்த்தார். பெட்டியை நன்கு அறிந்தவர்களே ஆட்களைத் தேடிப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் சங்கீதத்தைப் பொறுத்தமட்டில் யந்திரம் முதலில் ஜயித்தது சுருதியை. பெங்களூரில் புல்லாங்குழல் பயின்ற பொறியாளர் ஜி. ராஜ் நாராயண், 1970-களின் கடைசியில் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்து, ராடல் நிறுவனத்தின் மூலம் பரப்பினார். பிறகு மின்னணுத் தம்புராவும் தாளக் கருவியும் வந்தன. பிற்காலத்தில் நிஜத் தம்புராவின் ஒலித்துண்டுகளே அவற்றில் இடம்பெற்றன. வித்வான்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். தம்புராவில் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வேலை கிடையாது ஆதலால் ஏமாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. தோடியிலும் பைரவியிலும் அதே யந்திரம் தடுமாறுகிறது. இரண்டிலும் சாதாரண காந்தாரந்தான். ஆனால் அசைவு வேறு, அசைவின் வேகம் வேறு, ஏற்றத்தில் வேறு, இறக்கத்தில் வேறு. வியன்னாவின் மூவாயிரம் இணைப்பு இங்கே மூன்று லட்சமானாலும் போதாது. கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்கள் வலக்கையால் கட்டையையும் இடக்கையால் சுருதியை வளைக்கும் பிட்ச் வீல் என்னும் சக்கரத்தையும் ஆட்டி இந்தக் குறையை ஈடுசெய்கிறார்கள். அது அவர்களுடைய சாமர்த்தியமே தவிர, கருவியின் குணம் அன்று.

டெல்லியிலேயே கிரிப்டோ சைபர் என்னும் நிறுவனம் இந்திய வாத்தியங்களையும் குரல்களையும் பதிந்து லைப்ரரிகளாக உலகெங்கும் விற்றுவருகிறது. அவர்கள் வெளியிட்டவற்றுள் ஹார்மோனியமும் ஒன்று. அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் எளிதில் வசப்படும் வாத்தியம். நடுவழி இல்லாததே அதன் லட்சணம் அல்லவா? ராகம் பாடும் குரல்களுக்கு அந்தப் பதிவு முறை உதவாது. அவற்றுக்குத் தனி ஸ்வரமாகப் பதியாமல் பிடிகளாகவே, அதாவது பாடகர் பாடிய சிறு ஸ்வரக் கோவைகளாகவே, பதிய வேண்டியிருக்கிறது. அப்போது கமகம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வாங்குபவர் அந்தப் பாடகர் பாடின பிடியைத்தான் அடுக்கலாமே ஒழிய, தம் மனத்தில் தோன்றிய பிடியைப் பாடுவிக்க இயலாது.

ஆகையால் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்று நடைமுறையில் ஒரு சமரசம் நிலைபெற்றிருக்கிறது. வயலின் கூட்டத்தின் முழக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, மேலே ஓடும் மெட்டை மட்டும் ஒரே ஒரு வித்வானை அழைத்து நிஜமாக வாசிக்கச் சொல்கிறார்கள். அவர் அதே வரியை டிராக் மேல் டிராக்காக மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அசைவைச் சற்றே மாற்றி வாசித்துக் கொடுத்தால், கீழே இருக்கும் யந்திரக் கோஷ்டி முழுவதும் மனிதக் கோஷ்டியாகக் காதுக்குப் படுகிறது. கால்ஷீட் மட்டும் ஒருவருக்கே.